பூக் கட்டிய வண்டி

உமாதேவிக்குக் கார் ஓட்டத் தெரியாது. காரில் ஏறிப் போனதும் கல்யாணம், கருமாதி என்று விரல்விட்டு எண்ணும்படிதான். ஆனால் எந்தக் காருக்கு வயிறு சரியில்லை என்று அவளைக் கேட்டால் சொல்லிவிடுவாள்.

அவள் தொழில் அப்படி. மைசூர் கும்பாரகொப்பலில் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு, கான்கிரீட் போடுகிறவர்களுக்கு சென்ட்ரிங் தகடும் முட்டுக் கம்பும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள். தகட்டில் எண்ணெய் தடவாமல் கான்கிரீட்டைக் கொட்டினால், பிரிக்கிற அன்றைக்குக் கடப்பாரை போட்டாலும் வராது. அதற்காக நல்லெண்ணெயா வாங்கித் தடவ முடியும்? பன்னிமண்டபத்தில் கரியப்பன் ஒர்க் ஷாப்பில், சர்வீசுக்கு வரும் வண்டிகளிலிருந்து வடித்த பழைய ஆயிலைக் கேன் கேனாக வாங்கி வருவாள். துணியால் தடவினால் துணிதான் குடிக்கிறது என்று கையாலேயே தடவுவாள். வருஷக் கணக்காகத் தடவிய கை. இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு சொட்டைத் தேய்த்தால் போதும். நறநறத்தால் இஞ்சின் தேய்கிறது. பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது. தீய்ந்த வாடை அடித்தால் அந்த வண்டிக்காரன் ஆயில் மாற்றக் கஞ்சப்படுகிறவன்.

அந்தக் கேன்களில் ஒரு வண்டியின் ஆயில் மட்டும் எப்போதும் தேன் மாதிரி இறங்கும். கறுத்திருக்கும், ஆனால் விரலில் ஒன்றும் உறுத்தாது. அது பழைய ஃபியட் ஒன்றின் ஆயில். அதைத் தேய்க்கிற போதெல்லாம், ஒரு துளி இரும்புத்தூளாவது மின்னாதா என்று வெயிலில் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். மின்னியதே இல்லை. “நல்லாத்தான் வச்சிருக்கறான் பாவி” என்று கையைத் தரையில் துடைப்பாள்.

பாவி வேறு யாருமில்லை. புருஷன் சந்திரனின் கூடப்பிறந்த அண்ணன் சென்னப்பன். தேவராஜ மொஹல்லாவில் வெல்ல மண்டி வைத்திருப்பவர்.

விஷயம் பதினாறு வருஷத்துக்கு முந்தியது. ஹனூர் பக்கத்துச் சொந்த ஊரில் சென்னப்பனின் மச்சினிச்சிக்குக் கல்யாணம். சென்னப்பன் அப்போதுதான் ஃபியட் வாங்கியிருந்தார். மறுநாள் காலை மாப்பிள்ளை அழைப்புக்கென்று முந்தின சாயங்காலமே செண்டுமல்லியும் மரிக்கொழுந்துமாக வண்டியை ஜோடித்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அன்றைக்குத்தான் உமாதேவியின் இரண்டு வயதுப் பெண் அஷ்வினிக்குக் காய்ச்சல் ஏறிக் கண் சொருகியது. வெளியே பேய் மழை. கடைசி பஸ் போயாகிவிட்டது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உமாதேவி மச்சாண்டார் காலில் விழாத குறையாகக் கேட்டாள். கொள்ளேகால் ஆஸ்பத்திரி வரைக்கும், அவ்வளவுதான்.

“பூக் கட்டியாச்சு அம்மிணி. மாப்பிள்ளை ஏறுற வண்டி. கட்டுன பூவை அவுக்கக் கூடாது” என்றார் சென்னப்பன். சொல்லிவிட்டுப் பந்தலில் வாழைமரம் சாய்கிறது என்று யாரையோ திட்டப் போய்விட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனார்கள். காய்ச்சல் இறங்கியது. இடது கால் எழும்பவில்லை. மைசூர் பெரிய டாக்டர், “இளம்பிள்ளை வாதம். ராத்திரியே வந்திருந்தாலும் இப்படித்தாம்மா ஆகியிருக்கும், இதை நிறுத்த மருந்து கிடையாது” என்றார். சந்திரன் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அண்ணனோடு சமாதானமாகிவிட்டான். உமாதேவிக்கும் அது காதில் விழுந்தது. காதைத் தாண்டி உள்ளே போகவில்லை. அன்றிலிருந்து சென்னப்பன் வீட்டில் அவள் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. போகவேண்டி வந்தால் விரதம் என்று சொல்லிவிடுவாள். எந்தச் சாமிக்கு இத்தனை விரதம் என்று அவர்களும் கேட்டதில்லை.

அஷ்வினி படிப்பில் கெட்டி. பி.யு.சி. முடித்து, நஞ்சன்கூடு ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு இஞ்சினியரிங் காலேஜில் கம்ப்யூட்டருக்கு இடம் கிடைத்தது. பஸ் மெயின்ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து உள்ளே வெகுதூரம் மண்பாதை. முதல் நாள் உமாதேவி கூடப் போனாள். ஆடி மழையில் பாதை களிமண்ணாகக் குழைந்து கிடந்தது. இரும்புப் பட்டை போட்ட காலை அஷ்வினி ஒவ்வொரு தடவையும் சேற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி வைத்தாள். ஸ்கூட்டரில் போன பையன்கள் ஒதுங்கித்தான் போனார்கள். ஆனாலும் சேறு தெறித்தது. பெண் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

அன்றைக்கு ராகிக் களியும் கொள்ளுச் சாறும் வைத்துவிட்டுப் புருஷன் முன்னால் உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, புள்ளைக்கு ஒரு காரு வாங்கோணும்.”

களியை உருட்டிய கை சந்திரனுக்கு நின்றுவிட்டது. விஜயநகரில் வீடு கட்டும் மேஸ்திரி அவன். பூசுகிற சுவர் கோணாமல் வந்தால் போதும் என்று இருப்பவன்.

“காரா? எம்.எல்.ஏ. பொண்ணா அவ? காரெல்லாம் பெரிய மனுசங்க வாங்கறது.”

“கால் நல்லாருந்தா லூனா வாங்கிக் குடுத்திருப்பேன். கால் இல்லாததுக்குத்தானுங்க காரு. மேல் ரூம் கட்டறதுக்கு வச்சிருக்கறதை எடுங்க. மாடி ஏறி அவ என்ன பண்ணப் போறா?”

சந்திரன் சாற்றை ஊற்றிக்கொண்டான். அவன் பேசாமல் சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

கார் பார்க்கும் படலம் ஆரம்பித்தது. புரோக்கர் லிங்கப்பன் வாசனை போட்ட ஒரு சின்ன வெள்ளைக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான்.

“டாக்டரம்மா ஓட்டுனதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவாங்க, வீட்டுக்கு வருவாங்க, அஷ்டே, அவ்வளவுதான். வேற எங்கயும் போனதில்லை.”

உமாதேவி பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஆயில் பார்க்கும் கம்பியை உருவி விரலில் தேய்த்தாள். மோந்து பார்த்தாள்.

“ஏனுங்க, டாக்டரம்மா நோயாளிக்கு மருந்தாவது ஒழுங்காக் குடுத்தாங்களா? வண்டிக்கு ஆயில் மாத்துனதாத் தெரியலையே.”

“பெயிண்டைப் பாருங்கக்கா!”

“பெயிண்டு மேலயா எம்பொண்ணு காலேஜ் போறா?”

இன்னொன்றில் ஆயில் வெளுத்திருந்தது. டாக்ஸியாக ஓடிய பெரிய வண்டி ஒன்று தேறியது. ஆனால் கிளட்ச் மிதிக்கவே ஆள் வேண்டும். வாரங்கள் ஓடின. அஷ்வினி தினமும் சேற்றை மிதித்துக்கொண்டிருந்தாள். பட்டை உரசிய இடத்தில் தோல் வழன்று, இரவில் தேங்காயெண்ணெய் போட்டுக்கொண்டு கன்னடத்தில் ஏதோ முனகுவாள். அவளுக்குக் கோபம் கன்னடத்தில்தான் வரும்.

கடைசியில் கரியப்பன்தான் வாயைத் திறந்தான். கேனை நிரப்பிக்கொண்டே, கண்ணை ஆயில் மேலேயே வைத்துக்கொண்டு சொன்னான்.

“அக்கா, ஒரு வண்டி இருக்குதுங்க. கியர் ஸ்டேரிங்லயே இருக்குது. அந்தக் கியர்க் கம்பியில ஸ்கூட்டருக்கு இருக்கற மாதிரி கிளட்ச் கைப்பிடி வச்சுத் தர்றேன். இடது கையால அமுக்குனாக் கிளட்சு, திருப்புனாக் கியரு. இடது காலுக்கு வேலையே இல்லை. முன் சீட்டு முழு நீளம், பாப்பா காலை நீட்டிக்கலாம். ஆர்.டி.ஓ.வுல எழுதி வாங்கறதும் எம்பொறுப்பு.”

“இத்தனை நாளா ஏன் சொல்லலை?”

“சொன்னா நீங்க ஆயிலைத் தூக்கி எம்மூஞ்சில ஊத்துவீங்களேன்னுதான்.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. கேன் மூடியை இறுக்கித் திருகினாள்.

“அவரு புது வண்டி எடுக்கறாருங்க. ஃபியட்டை விக்கச் சொல்லி என்கிட்டத்தான் விட்டிருக்கறாரு. அந்த ஆயிலு உங்களுக்கே தெரியுமில்லக்கா.”

“அந்த வண்டி எங்க வாசல்ல நிக்கறதுக்கு, எம்பொண்ணு தவழ்ந்துட்டே காலேஜ் போகட்டும்” என்று கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் தகட்டில் எண்ணெய் தடவும்போது கையே அவளைக் காட்டிக்கொடுத்தது. ஊரிலுள்ள ஆயிலையெல்லாம் தொட்டுப் பார்த்து இதுதான் நல்லது என்று சொன்ன கை அதே கைதானே. தன் கை மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

கரியப்பன் சும்மா இருக்கிறவனா? காலேஜ் விட்டு வந்த அஷ்வினியை வழியில் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிட்டான். மறுநாள் உமாதேவி ஒர்க் ஷாப்புக்குப் போனபோது, அந்தப் பழுப்பு ஃபியட்டின் ஸ்டேரிங் முன்னால் பெண் உட்கார்ந்திருந்தாள். இடது கால் பட்டையோடு சீட்டுக்கு முன்னால் சொகுசாக நீண்டிருந்தது.

“அம்மா, நோடு, இங்க பாரு! முட்டி இடிக்கலை. கை எட்டுது. இதையே எடுத்துக்கலாம், இல்லையா?”

“எறங்கு முதல்ல.”

“ஏன்? பெரியப்பா வண்டின்னா என்ன ஆய்து?”

கரியப்பன் எதையோ எடுக்கப் போகிறவன் போலப் பின்பக்கம் நழுவினான். உமாதேவி காரில் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னாள். பெரியப்பா அன்றைக்கு வண்டி தரவில்லை என்பது மட்டும்தான் பெண்ணுக்குத் தெரியும். மழையை, பந்தலை, தோளில் கொதித்த உடம்பை, செண்டுமல்லி வாசத்தை, அவர் சொன்ன அந்த வார்த்தையை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்து, ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அஷ்வினி அழவில்லை. ஸ்டேரிங்கை ஒரு தடவை தடவினாள்.

“பூக் கட்டியாச்சுன்னா சொன்னாரு?”

“அதே வார்த்தைதான்.”

“சரி. இதையே வாங்கும்மா.”

“உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதா?”

“அன்னிக்கு என்னை ஏத்தலை இல்ல? இனி நான்தான் ஓட்டுவேன். தினமும் அவரு நோடணும்.”

உமாதேவி மகளைப் பார்த்தாள். இந்த முகத்தை அவள் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். தன் ரத்தம் வீண் போகவில்லை என்று வயிறு குளிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சென்னப்பன் வீட்டுக்குப் போனார்கள். வாசலிலேயே வெல்ல வாசனை. சென்னப்பன் இளைத்திருந்தார். சர்க்கரை வியாதி. வலது காலில் கட்டைவிரல் புண்ணுக்காகச் செருப்பை வெட்டிப் போட்டிருந்தார். வெல்லம் விற்றே வீடு கட்டியவருக்கு வெல்லமே ஆகாமல் போனதை நினைத்து, உமாதேவி சிரிப்பு தெரியாமல் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவர் பெண்சாதி பசம்மா காப்பி கொண்டுவந்தாள்.

“இன்னிக்கு விரதமுங்கக்கா.”

“நம்ம புள்ளைக்குன்னா நான் விலை பேசுவனா? தம்பி, குடுக்கறதைக் குடு” என்றார் சென்னப்பன்.

சந்திரன் பல்லைக் காட்டுவதற்குள் உமாதேவி முந்தினாள். “வெளியாளுக்கு என்ன விலையோ அதுதானுங்க மாமா. ஒரு ரூவா குறைச்சாலும் வண்டி வேண்டாம். சாவியை மட்டும் உங்க கையாலே புள்ளை கையில குடுங்க.”

சென்னப்பன் சிரித்துக்கொண்டே சாவியை எடுத்து அஷ்வினியின் உள்ளங்கையில் வைத்தார்.

“ராசியான வண்டி கண்ணு. வாங்குன புதுசுல உங்க பெரியம்மா தங்கச்சி கல்யாணத்துக்குத்தான் மொத மொதப் பூக் கட்டுனது. அடடா, என்ன ஜோடிப்பு! ஊரே வந்து பாத்துது.”

“அன்னிக்கு வேற என்ன நடந்தது பெரியப்பா?” என்று கேட்டாள் அஷ்வினி.

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். “வேறென்ன? நல்ல மழை. பந்தல்ல வாழைமரம் சாஞ்சு போச்சு. ஏன் கண்ணு?”

“சும்னே கேட்டேன்.”

இத்தனை வருஷமாக இந்த ஆள் தன் குற்றத்தை மூடி மறைக்கிறான் என்று உமாதேவி நினைத்திருந்தாள். மறைக்கவும் இல்லை. அவருக்குப் பூ ஞாபகம் இருந்தது, மழை ஞாபகம் இருந்தது, சாய்ந்த வாழைமரம்கூட ஞாபகம் இருந்தது. பிள்ளை மட்டும் இல்லை. அவர் செத்தால்கூட ஆறாது என்று தோன்றியது. செத்துப்போகிறவருக்கு எதற்குச் சாகிறோம் என்றாவது தெரிய வேண்டாமா?

கரியப்பன் சொன்னபடி கைப்பிடி வைத்துக் கொடுத்தான். லைசென்ஸும் வந்தது. அஷ்வினி காலேஜுக்கு நேர்வழியில் போகாமல், தேவராஜ மார்க்கெட்டைச் சுற்றி வெல்ல மண்டி வாசலில் ஒரு ஆரன் அடித்துவிட்டுத்தான் போகிறாள் என்று சந்திரன் வந்து புகார் சொன்னான். “பெட்ரோல் தண்டம்! நீயாச்சும் சொல்லப்படாதா?” உமாதேவி அன்றைக்குக் கேசரி கிண்டினாள். என்ன விசேஷம் என்று கேட்டுக்கொண்டே சந்திரன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். இதில் கசப்பு ஒன்றுதான். சென்னப்பன் கல்லாவில் உட்கார்ந்தபடி கையை ஆட்டி, “எங்க தம்பி பொண்ணு, எப்படி ஓட்டறா பாருங்க” என்று ஆள் ஆளுக்குப் பெருமையடித்தாராம்.

ஆயுத பூஜை வந்தது. கரணை, மட்டப் பலகை, ரசமட்டம், கடப்பாரை எல்லாவற்றையும் கழுவி விபூதி பூசிச் சந்திரன் வரிசையாக வைத்தான். தகடுகளுக்குப் பொட்டு வைத்தார்கள். ஃபியட்டுக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று, பானெட் முழுக்கச் செண்டுமல்லி. உமாதேவி நூலை எடுத்தபோது அஷ்வினி தடுத்தாள்.

“நூல் பேடா, வேண்டாம். கட்டுக்கம்பில கட்டு. காத்துக்கு அவுறக் கூடாது.”

கான்கிரீட் கம்பி கட்டுகிற கம்பியால் உமாதேவி முறுக்கி முறுக்கிக் கட்டினாள். நுனியை நறுக்கிய குறடைப் பழக்கதோஷத்தில் இடுப்பில் செருகிக்கொண்டாள். பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறியதும் அஷ்வினி சொன்னாள்: “மொதல் ரவுண்டு பெரியப்பா வீட்டுக்கு. பூவை அவரு நோடட்டும்.” சந்திரன் படையலுக்குக் காவல் இருந்துவிட்டான். தாயும் மகளும் கிளம்பினார்கள்.

தெருவெல்லாம் பூசணிச் சிதறல். ஆட்டோக்கள் ஸ்டாண்டில் வரிசையாக மாலை போட்டு நின்றன. அன்றைக்குப் பூஜை முடியாமல் எந்த ஆட்டோவும் நகராது. சென்னப்பன் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் பசம்மா தலைவிரி கோலமாக ஓடிவந்தாள்.

“சாமியாட்டம் வந்தீங்க தாயி! புண்ணு சீழ் வச்சுக் காலெல்லாம் வீங்கிப் போச்சு. எங்க பையன் சீனு புது வண்டியை எடுத்துட்டுத் திருப்பதி போய்ட்டான். ஒரு ஆட்டோ வரமாட்டேங்குது. ஆஸ்பத்திரியில விட்டுருங்க கண்ணு!”

சுவரைப் பிடித்துக்கொண்டு சென்னப்பன் வந்தார். முகம் காய்ச்சலில் சிவந்திருந்தது. கார்க் கதவில் கை வைத்தார். கதவு பூட்டியிருந்தது.

அஷ்வினி கண்ணாடியை இறக்கினாள். இஞ்சினை நிறுத்தவில்லை.

“பூக் கட்டியாச்சு பெரியப்பா.”

“என்ன கண்ணு?”

“பூக் கட்டியாச்சு. கட்டுன பூவை நாங்க அவுக்க மாட்டோம். ஏறணும்னா நீங்க அவுத்துட்டு ஏறுங்க.”

பசம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர் வீட்டில் வண்டிக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சென்னப்பன் முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தார். பிறகு பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உமாதேவியைப் பார்த்தார்.

நொண்டி நொண்டி முன்பக்கம் போனார். பானெட்டில் சாய்ந்துகொண்டு மாலையை இழுத்தார். பூ உதிர்ந்ததே தவிர மாலை வரவில்லை. கம்பி முறுக்கு எங்கே என்று விரலால் தேடினார். ஓடிவந்து கை கொடுத்த பசம்மாவை, “நீ தள்ளு” என்று விலக்கினார். நறுக்கிய கம்பி நுனி விரலில் ஏறி, செண்டுமல்லி மேல் ரத்தம் பட்டது. ஒரு முடிச்சு அவிழ்ந்தது. அடுத்ததற்கு நகர்ந்தார்.

உமாதேவி இடுப்பிலிருந்த குறடை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு நறுக்கு நறுக்கினால் மொத்தமும் விழுந்துவிடும். அவள் நறுக்கவில்லை. கண்ணாடி வழியாக அவர் படுகிற பாட்டை ஆசை தீரப் பார்த்தாள். மனசு நிறைந்தது. நிறைந்தது என்றுதான் சொல்ல வேண்டும், வேறு வார்த்தை போட்டு நல்லவளாக்க வேண்டியதில்லை. அவர் வாய் எதையோ முணுமுணுத்தது. ஒரு முடிச்சில் கை அப்படியே நின்றது. அவர் நிமிர்ந்து, அஷ்வினியின் இரும்புப் பட்டை போட்ட கால் இருக்கும் பக்கம் பார்த்தார். பிறகு குனிந்து மிச்ச முடிச்சுகளை அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ஒன்றைக்கூடப் பிய்க்கவில்லை. வாழைக்கன்றையும் எடுத்துச் சுவரோரம் சாத்தினார்.

அஷ்வினி பின்கதவைத் திறந்துவிட்டாள். உமாதேவி இறங்கிப் பின்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பசம்மா முன்னால் ஏறினாள். வண்டி கிளம்பிச் சின்னக் கடியாரக் கோபுரத்தைத் தாண்டியது. அவர் உடம்பின் சூடு உமாதேவியின் தோள்வரை வந்து அடித்தது. அந்தச் சூடு அவளுக்குத் தெரிந்த சூடு.

“அம்மிணி” என்றார் சென்னப்பன். கம்பி கிழித்த விரலை வேட்டியில் பொத்தி வைத்திருந்தார். “அன்னிக்கு... புள்ளைக்குக் காச்சலு இருந்துதல்ல?”

“இருந்துதுங்க மாமா” என்றாள் உமாதேவி.

அஷ்வினி கைப்பிடியை அமுக்கிக் கியரை மாற்றினாள்.